அரசவையைக் கையோடு கொண்டுபோன துறவி: அர்னோ தாந்தியி

1638 மே 14. பாரிஸுக்குக் கிழக்கே வேன்சென் காட்டு வழியில் ஒரு வண்டி போய்க்கொண்டிருக்கிறது. சுற்றிலும் காவல் வீரர்கள். எதிரே வேறொரு வண்டியில் வந்தவர் உள்ளே இருப்பவர் தன் நண்பர் என்று கண்டுகொண்டு நிறுத்துகிறார். இத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு எங்கே பயணம் என்று கேட்கிறார். நான் கூட்டிப் போகவில்லை, இவர்கள்தான் என்னைக் கூட்டிப் போகிறார்கள் என்று பதில் வருகிறது. கைதானவர் சேன் சிரான் மடாதிபதி. கைது செய்யச் சொன்னவர் அரசரின் முதன்மை அமைச்சர் கர்தினால் ரிஷ்லியு. கிளம்பிய அவசரத்தில் மடாதிபதி ஒரு புத்தகம்கூட எடுத்து வந்திருக்கவில்லை. நண்பரின் கையில் புனித அகுஸ்தீனாரின் 'ஒப்புதல்கள்' இருந்தது. அதைக் கொடுத்து, கட்டித் தழுவி அனுப்பிவைத்தார்.

புத்தகம் கொடுத்தவர் ரொபேர் அர்னோ தாந்தியி. அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. நிதித் துறை, இளவரசரின் மாளிகை, ராணுவ நிர்வாகம் எல்லாம் பார்த்தவர். அரசி பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழக்கமானவர். இன்னும் எட்டு வருடங்களில் அவர் அதையெல்லாம் விட்டுவிட்டு, சதுப்பு நிலத்து நடுவே ஒரு கன்னியர் மடத்துப் பக்கத்தில் குடியேறப் போகிறார். 1649-இல் அதே 'ஒப்புதல்களை' பிரெஞ்சில் மொழிபெயர்த்து வெளியிடப் போகிறார். அந்த மொழிபெயர்ப்பு இன்றும் பாரிஸ் கடைகளில் சிறு பதிப்பாகக் கிடைக்கிறது.

தாந்தியியைப் பற்றி அவர் காலத்திலிருந்தே ஒரு குறை உண்டு. துறவுக்குப் போனாலும் அரசவைப் பழக்கம் அவரை விடவில்லை என்பார்கள். அரசிக்குப் பழக்கூடை அனுப்பினார், பிரபுகுலப் பெண்களுக்குக் கடிதம் எழுதினார், அமைச்சர்களிடம் பேச்சு வைத்துக்கொண்டார். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அதைக் குறையாக எண்ணுவது தவறு என்பது என் முடிவு. அவர் கொண்டுபோன அந்தப் பழக்கம்தான் போர் ருவாயால் என்ற அந்த மடத்துக்கு முப்பது ஆண்டு காலம் மதிலாக நின்றது. அந்த மதில் எங்கே தாங்கியது, எங்கே இடிந்தது என்று பார்ப்பதற்காகத்தான் இந்த ஆய்வு.

வக்கீல் வீட்டு மூத்த பிள்ளை

தாந்தியி பிறந்தது 1589-இல், பாரிஸில். தந்தை அந்துவான் அர்னோ பேர்போன வழக்கறிஞர். 1594-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் சார்பில் இயேசு சபையினருக்கு எதிராக அவர் வாதாடிய வாதம் நாடெங்கும் பேசப்பட்டது. பின்னால் அந்தக் குடும்பத்துக்கு வந்த எல்லாத் துன்பத்துக்கும் அதுவே ஜென்மப் பாவம் என்று சொல்வார்கள்.

அந்துவானுக்கு இருபது குழந்தைகள், பிழைத்தது பத்து. இவ்வளவு பேருக்கும் வழி செய்ய வேண்டுமே! ஒரு மகளைப் பதினோரு வயதிலேயே போர் ருவாயாலுக்குத் தலைவி ஆக்கிவிட்டார்கள். வயதைக் கூட்டிச் சொல்லித்தான் ரோமாபுரியிடம் அனுமதி வாங்கினார்கள். அந்தச் சிறுமிதான் அன்னை ஆஞ்செலிக். விளையாட்டாகத் தலைவியாக்கப்பட்ட பெண் பதினாறு வயதில் ஒரு பிரசங்கம் கேட்டு உண்மையாகவே மனம் மாறினாள். மடத்தின் பழைய ஒழுங்கை மீட்கத் தொடங்கினாள். வெளியார் உள்ளே வரக்கூடாது என்ற விதியும் அதில் அடக்கம்.

1609 செப்டம்பர் 25. தந்தை, தாய், உடன்பிறந்தோர் எல்லாரும் வழக்கம்போல் வண்டி கட்டி வந்து நின்றார்கள். கதவு திறக்கவில்லை. கதவில் இருந்த சிறு சாளரம் மட்டும் திறந்தது. பக்கத்து அறையில் கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று பேசலாம், உள்ளே விட முடியாது என்றாள் பதினெட்டு வயது மகள். தந்தை கதவைத் தட்டினார், கோபித்தார், மன்றாடினார். அவரைவிட உரக்கக் கத்தியவர் இருபது வயது அண்ணன் தாந்தியி. நன்றி கெட்ட மிருகம், பெற்றவரைக் கொல்பவள் என்றெல்லாம் வசைபாடினார். தந்தை மனமுடைந்து, இனி உன்னைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னபோது ஆஞ்செலிக் மயங்கி விழுந்தாள். ஆனால் கதவு திறக்கவில்லை. பிரெஞ்சு சமய வரலாற்றில் இதைச் 'சாளர நாள்' என்றே குறிப்பிடுகிறார்கள்.

அன்று வெளியே நின்று கத்திய குடும்பம் பிறகு ஒவ்வொருவராக அதே கதவு வழியாக உள்ளே போனது. ஆறு சகோதரிகளும் அங்கே கன்னியர் ஆனார்கள். விதவையான தாய் தன் மகளுக்குக் கீழ்ப்பட்டு, துறவு உறுதிமொழியான வார்த்தைப்பாடு கொடுத்தார். தாந்தியியின் மகள்களில் பலர் அங்கேயே வளர்ந்து அங்கேயே முக்காடு போட்டார்கள். மூத்த பிள்ளைதான் கடைசியாக வந்து சேர்ந்தார்.

அரசவையில்

இளவயதிலேயே சிற்றப்பா ஈசாக் அர்னோவின் கீழ் நிதிக் கணக்குகளில் பழகினார். பிறகு நிதித் தலைவர் ஷொம்பேரின் நம்பிக்கைக்குரியவரானார். அதன்பின் அரசனின் தம்பி கஸ்தோன் இளவரசரின் மாளிகையில் பணி. அங்கே இளவரசரின் ஆசிரியரான ஒர்னானோவோடு உரசல் வந்து 1626-இல் அந்த இடம் போயிற்று. 1634-இல் ரைன் படைக்கு நிர்வாகியாக அனுப்பினார்கள். படைக்குச் சோறும் சம்பளமும் போய்ச் சேருவதைப் பார்க்கும் வேலை அது. பணம் புழங்கும் இடங்களில் இத்தனை காலம் இருந்தும் கை சுத்தமானவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது.

பெரிய பதவி எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. தன் நினைவுக் குறிப்புகளில் அதற்கு அவரே ஒரு காரணம் சொல்கிறார். எனக்குப் பதவி ஆசை இருந்ததே இல்லை, ஏனென்றால் அது எனக்கு அளவுக்கு மீறி இருந்தது என்கிறார். பிறரை அண்டிப் பிழைக்கும் நிலை தன் பெரிய ஆசைகளைக் குறுக்கிவிடும் என்பது அவர் வாதம். மேலோட்டமாகப் படித்தால் தற்பெருமை. எனக்கோ அவர் வாழ்க்கையைத் திறக்கும் சாவி இந்த வாக்கியத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. இப்படிப்பட்டவருக்கு அரசவையில் எந்த நாற்காலியும் போதாது. அவரைக் கட்டி இழுக்க வேறு ஒரு பெரிய வேலை வேண்டும்.

அதைக் காட்டியவர் சேன் சிரான். 1620-இல் அரசவை புவாத்தியே நகரில் தங்கியிருந்தபோது இருவரும் பழகினார்கள். தங்கை ஆஞ்செலிக்குக்கு அவரை அறிமுகம் செய்துவைத்ததும் தாந்தியிதான். மனிதன் தன் முயற்சியால் ஒன்றும் ஆகமாட்டான், எல்லாம் இறையருள், மனம் உண்மையாக மாறாமல், கோவிலில் அப்பம் பெறும் நற்கருணைச் சடங்குக்கு ஓடுவது வீண் என்பது சேன் சிரானின் போதனை. அவரது நண்பர் ஆயர் ஜான்செனியுஸ் எழுதிய பெரிய லத்தீன் நூல் 1640-இல் வெளிவந்தது. அவர் பெயரால்தான் இந்தப் பக்கம் நின்றவர்களை 'ஜான்செனியர்' என்று எதிரிகள் அழைத்தார்கள்.

சேன் சிரான் சிறையில் இருந்த ஐந்து ஆண்டுகளும் தாந்தியி அவருக்காகப் பலரைப் பார்த்தார், கடிதங்களைக் கொண்டுபோனார். 1643 பிப்ரவரியில் விடுதலை. அந்த அக்டோபரிலேயே மடாதிபதி இறந்துபோனார். உயிலில் தன் இதயத்தை தாந்தியிக்கு எழுதிவைத்திருந்தார். ஒரே நிபந்தனை: அவர் உலகை விட்டு விலக வேண்டும். உடலிலிருந்து இதயத்தைப் பிரித்து அன்பானவரிடமோ கோவிலிடமோ ஒப்படைப்பது அக்காலப் பிரான்சில் வழக்கம்தான். ஆனால் நிபந்தனையோடு கொடுத்தது புதிது. சீடரின் குணத்தை குரு நன்றாக அறிந்திருந்தார். ஆசை அளவுக்கு மீறி இருந்தவரிடம் ஒரு கடனை விட்டுப் போனால் அவர் அதைத் தீர்க்காமல் இருக்க மாட்டார்.

அப்படியும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மனைவி 1637-லேயே காலமாகிவிட்டார். பிள்ளைகளுக்கு வழி செய்ய வேண்டியிருந்தது. சிறுவன் பதினான்காம் லூயிக்கு ஆசிரியராக அவரை நியமிக்கலாம் என்ற பேச்சும் அடிபட்டது. 1646 வாக்கில்தான் போர் ருவாயாலில் நிலைகொண்டார். அரசி ஆனிடம் விடைபெறும்போது சொன்னது பிரபலம்: போர் ருவாயாலில் நாங்கள் மரச்செருப்பு செய்கிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுவரோரம் பழமரம் வளர்க்கிறோம் என்று சொன்னால் நம்புங்கள், அந்தப் பழத்தை உங்களுக்கே அனுப்புவேன்.

சுவரோரப் பழமரம்

பாரிஸுக்குத் தென்மேற்கே, ஷெவ்ரேஸ் பள்ளத்தாக்கில், பழைய போர் ருவாயால் இருந்தது. சுற்றிலும் சதுப்பு, காய்ச்சல். இருபது வருடத்துக்கு முன்பே கன்னியர் அந்த இடத்தை விட்டுப் பாரிஸுக்குப் போயிருந்தார்கள். காலியான இடத்தில் சில ஆண்கள் குடியேறினார்கள். முதலில் வந்தவர் தாந்தியியின் சகோதரி மகன், புகழின் உச்சியில் வழக்கறிஞர் தொழிலை உதறிய அந்துவான் லெ மேத்ர். பிற்பாடு 'தனியர்' என்று பெயர் பெற்றவர்கள் இவர்கள். யாரும் குருக்களாக வேண்டும் என்று இல்லை, வார்த்தைப்பாடு எதுவும் இல்லை, எழுதப்பட்ட விதி இல்லை. ஜெபம், கைவேலை, படிப்பு, எழுத்து. சிறுவர்களுக்குப் பள்ளியும் நடத்தினார்கள். பின்னாளில் நாடகாசிரியரான ரசீன் அங்கே படித்தவர்.

தாந்தியி எடுத்துக்கொண்ட கைவேலை தோட்டம். முதலில் சதுப்பை வடித்தார். பிறகு மதில்கள். அந்த மதில்களை ஒட்டிப் பேரி மரங்களும் பீச் மரங்களும் நட்டார். கிளைகளை இருபுறமும் விசிறிபோல் விரித்துச் சுவரில் கட்டுவார்கள். பகலில் கல் வெயிலைக் குடித்துக்கொள்ளும், இரவில் அந்தச் சூட்டை மெல்ல விடும். வடக்குப் பிரான்சின் குளிரில் தானாகப் பழுக்காத பீச்சுகூட அந்தச் சூட்டில் பழுக்கும். நாள்தோறும் பார்க்க வேண்டும். தேவையற்ற துளிரைக் கிள்ள வேண்டும், காய்களைக் குறைத்துவிட வேண்டும். அவசரக்காரர் கைக்கு வராத வேலை. படை நிர்வாகம் பார்த்த மனிதர் கத்தரியோடு மரத்தடியில் நிற்பதை நினைத்தால் எனக்கு அவர் மீது அன்பு கூடுகிறது.

சொன்னபடி பழம் அரண்மனைக்குப் போனது. ரிஷ்லியுவுக்குப் பின் முதன்மை அமைச்சரான கர்தினால் மஸாரன் அவற்றை 'ஆசீர்வதிக்கப்பட்ட பழங்கள்' என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டாராம். அந்தச் சிரிப்பு சும்மா வந்ததல்ல. ஆண்டுதோறும் அந்தக் கூடை போகும்போது, அந்தப் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் சதிகாரர்கள் அல்லர், பேரிக்காய் வளர்க்கும் கண்ணியவான்கள் என்ற செய்தியும் கூடவே போகிறது. 1648-இல் கன்னியரில் ஒரு பகுதியினர் பள்ளத்தாக்குக்குத் திரும்பியபோது வடிந்த நிலமும் காய்த்த மரமும் காத்திருந்தன. தனியர்கள் மேட்டிலிருந்த பண்ணைக்கு இடம் மாறினார்கள்.

மேசையில் செய்த துறவு

தோட்டத்தைவிட நீண்ட காலம் நிலைத்தது அவர் எழுத்து. பாலைவனத் தந்தையரின் வாழ்க்கை வரலாறுகளை 1647 முதல் பிரெஞ்சில் கொண்டுவந்தார். எகிப்து, சிரியா மணலில் குகைக்குள் நோன்பிருந்த முனிவர்களின் கதைகள் அவை. அவற்றை அவர் மடத்து மொழியில் எழுதவில்லை, அரசவைப் பெண்கள் வரவேற்பறையில் பேசும் தெளிந்த, ஒழுகும் பிரெஞ்சில் எழுதினார். மூலத்தின் முரட்டுத்தனம் அங்கங்கே வழுவழுப்பாகிவிட்டது. அதைக் குறை சொல்லும் அறிஞர்கள் பக்கம் நியாயம் உண்டு. சேன் சிரானின் கடிதங்களைப் பதிப்பித்தபோதும் தனிப்பட்ட விவரங்களை நீக்கி, எல்லாரும் படிக்கும் ஆன்மிகக் கடிதங்களாகச் சீர்படுத்திவிட்டார். இன்றைய பதிப்பாசிரியர் அதைச் செய்ய மாட்டார்.

ஆனால் படித்தவர்கள் யார் என்று பாருங்கள். லத்தீன் தெரியாத சீமாட்டிகள், பிரபுக்கள், கவிஞர்கள். நீதிக்கதைகளால் நாமறிந்த லா ஃபொந்தேன் 1673-இல் புனித மால்கு பற்றி எழுதிய நெடுங்கவிதைக்குக் கருப்பொருள் இவர் மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. அரசவைச் சுகத்தில் மூழ்கியிருந்த ரான்சே என்ற இளம் மடாதிபதி, 1657-இல் தான் நேசித்த சீமாட்டி மறைந்த அதிர்ச்சியில் தவித்தபோது தேடி வந்தது தாந்தியியைத்தான். பின்பு அதே ரான்சே லா திராப் மடத்தில் ஐரோப்பாவே நடுங்கும் கடுந்தவத்தை நிறுவினார். அவர் போன பாதை வேறு. மௌனம், மண்வெட்டி, இறைச்சியில்லா உணவு. உலகத்தோடு இருந்த கயிற்றை அறுத்துவிட்டார். தாந்தியி அறுக்கவில்லை, தளர விட்டுக்கொண்டு கையில் பிடித்திருந்தார்.

படியேறும் யோவானின் தவநூல், யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், அவிலா புனித தெரேசாவின் படைப்புகள் என்று வரிசையாக மொழிபெயர்த்தார். யோசேப்பஸ் வெளிவந்தபோது வயது எண்பதை ஒட்டி.

வண்டிகள் வந்த நாள்

1653-இல் ஜான்செனியுஸின் நூலில் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஐந்து கூற்றுகளைத் திருத்தந்தை கண்டித்தார். அந்தக் கூற்றுகள் தவறு என்று ஏற்கிறோம், ஆனால் அவை அந்த நூலில் இல்லை என்றது போர் ருவாயால் பக்கம். சண்டை முற்றி, தாந்தியியின் கடைசித் தம்பி, 'பெரிய அர்னோ' எனப்பட்ட இறையியலாளர் அந்துவான், 1656-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் இறையியல் பீடமான சொர்போனிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவருக்காகச் சிந்தனையாளர் பஸ்கால் தன் பெயரை மறைத்து எழுதி வெளியிட்ட கடிதங்கள் பாரிஸைக் கலக்கின. மார்ச் மாதம் தனியர்களையும் பள்ளிச் சிறுவர்களையும் கலைக்கச் சொல்லி உத்தரவு. தாந்தியி மஸாரனுக்கும் அரசிக்கும் எழுதினார். போலீஸ் வந்து இழுத்துப்போகும் அவமானம் இல்லாமல் அவர்களே கலைந்து போக வழி செய்தார். தான் திரும்பி வரவும் சீக்கிரமே அனுமதி வாங்கிக்கொண்டார். மறுவருடம் அரசகுடும்பத்து இளவரசி மோன்பான்சியே வந்தபோது மடத்தைச் சுற்றிக் காட்டியதும் அவர்தான். மதில் தாங்கியது.

மஸாரன் 1661-இல் இறந்தார். இளம் அரசர் லூயி ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அந்த ஐந்து கூற்றுகளும் ஜான்செனியுஸின் நூலில் உள்ளவை என்று சொல்லும் கண்டனப் பத்திரத்தில் எல்லாக் குருக்களும் கன்னியரும் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். படிக்காத லத்தீன் நூலில் என்ன இருக்கிறது என்று நாங்கள் எப்படிச் சத்தியம் செய்வது என்று கேட்டார்கள் போர் ருவாயால் பெண்கள். எனக்கு அந்தக் கேள்வியில் இன்றும் குற்றம் காண முடியவில்லை.

1664 ஆகஸ்ட் 26. பேராயர் பெரேஃபிக்ஸ் காவல் வீரர்களோடும் வண்டிகளோடும் பாரிஸ் மடத்துக்கு வந்தார். தேவதூதர்போல் தூயவர்கள், லூசிபர்போல் கர்வம் பிடித்தவர்கள் என்று இந்தக் கன்னியரைப் பற்றிச் சொன்னவர் அவர். பன்னிரண்டு பேரின் பெயர் படிக்கப்பட்டது. வெவ்வேறு மடங்களுக்குப் பிரித்து அனுப்ப உத்தரவு. கோவில் வாசலில் 75 வயது தாந்தியி நின்றிருந்தார். வெளியே வந்தவர்களில் அவர் தங்கை அன்னை ஆன்யேஸ் இருந்தார், மகள்கள் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கைபிடித்து வண்டிவரை கொண்டுபோய் ஏற்றிவிட்டார். அரசவையில் சீமாட்டிகளை வண்டி ஏற்றி அனுப்பும் அதே மரியாதையோடு.

ஐம்பத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு மடத்து வாசலில் தங்கையை வசைபாடிய இளைஞர் இவர்தான். இன்று கத்தவில்லை. எந்தச் சீமாட்டிக்கும் எந்த அமைச்சருக்கும் எழுதி இதைத் தடுக்க முடியவில்லை. அவர் கற்ற அரசவைக் கலையில் மிஞ்சியது வண்டிப்படியில் நீட்டிய கை மட்டும். சிறைவைக்கப்பட்ட மகள்களில் ஒருவரான ஆஞ்செலிக் தெ சேன்-ஷான், பிறகு அந்தத் தனிமைச் சிறையைப் பற்றித் தானே ஒரு குறிப்பு எழுதினார். தந்தையின் நூல்கள் எதிலும் இல்லாத ஒரு கூர்மை அதில் உண்டு.

தாந்தியியையும் விடவில்லை. மகனின் பொம்போன் பண்ணைக்குப் போய் இரு என்று அரச உத்தரவு வந்தது.

பொம்போனில்

அங்கேதான் 1667-இல் நினைவுக் குறிப்புகளை எழுதினார், மகன் சிமோன் படிப்பதற்காக. அதே வருடம் ஓவியர் ஷாம்பேன் அவரை வரைந்தார். நரைத்த தலை, உயிருள்ள கண்கள். மூத்த மகனுக்கு மட்டும் அவரிடம் மனத்தாங்கல் இருந்தது. தந்தை தன்னிடம் கடுமையாகவும் சிமோனிடம் பட்சமாகவும் நடந்தார் என்பதை அந்த மகனின் சொந்த நினைவுக் குறிப்பு மறைக்கவில்லை. தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் இனிமையாகப் பேசத் தெரிந்தவர் ஒரு மகனிடம் தவறினார். இதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

கடித எழுத்தால் அழியாப் புகழ் பெற்ற மதாம் தெ செவிஞே 1671 வசந்தத்தில் பொம்போனுக்கு வந்தார். கிழவர் அவரோடு மணிக்கணக்கில் பேசினார். நீ ஓர் அழகான அஞ்ஞானி, உன் மகளை நெஞ்சுக்குள் சிலையாக வைத்துக் கும்பிடுகிறாய், இதுவும் விக்கிரக ஆராதனைதான் என்று கண்டித்தார். அழகான உடலில் இருக்கும் ஆன்மாவைக் காப்பாற்றத்தான் அவருக்கு ஆசை அதிகம் என்று நண்பர்கள் அவரைக் கேலி செய்வார்கள் என்று செவிஞேயே எழுதியிருக்கிறார். அப்படியே இருந்தாலும், அன்று அவர் சொன்னதை செவிஞே தட்டிவிடவில்லை. மகளுக்கே எழுதி அனுப்பினார்.

அதே செப்டம்பரில் சிமோன் வெளியுறவு அமைச்சரானார். 1669-லேயே திருச்சபையில் சமாதானம் ஏற்பட்டிருந்தது, கன்னியர் மீண்டும் நற்கருணை பெற்றார்கள். 82 வயது தந்தை அரசருக்கு நன்றி சொல்ல வெர்சாய் வந்தார். அரசர் அன்பாகப் பேசினார். நீங்கள் ஒப்புக்கொள்ளாத ஒரு பாவம் இருக்கிறது, எண்பது வயதில் இந்த வேலையைச் செய்தேன் என்று யோசேப்பஸ் முன்னுரையில் எழுதினீர்களே, அது வீண்பெருமை அல்லவா என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், தாந்தியியும் சிரித்தார்.

1673-இல் பள்ளத்தாக்குக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. 1674 செப்டம்பர் 27, போர் ருவாயாலில், 85 வயதில் உயிர் பிரிந்தது. பழங்கள் பறிக்கும் காலம்.

அவர் போன ஐந்தாம் வருடம் எல்லாம் அவிழ்ந்தது. 1679-இல் மடத்தின் பெரிய காவலான லோங்வில் சீமாட்டி இறந்தார். மடத்தில் புதிதாக யாரையும் சேர்க்கக்கூடாது என்று தடை வந்தது. தம்பி அந்துவான் நாட்டை விட்டு ஓடினார். சிமோன் பதவி இழந்தார். 1709 அக்டோபரில் எஞ்சியிருந்த வயதான கன்னியரை வண்டிகளில் ஏற்றிக் கலைத்தார்கள். அடுத்த வருடங்களில் கட்டடம் இடிக்கப்பட்டது, கல்லறைகள் தோண்டப்பட்டன. உத்தரவிட்டவர் அதே பதினான்காம் லூயி. அர்னோ குடும்பத்து எலும்புகளை மட்டும் பொம்போன் வாரிசுகள் கேட்டு வாங்கி, பலேசோ ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.